மார்ச் பத்தொன்பதில் பிறந்த பதினேழு பேர்

யட்டியாந்தோட்டை
03.06.2024

அன்புள்ள ஸுலைஹா,

உன் காது போன பிறகு தொலைபேசியால் நமக்குப் பயன் இல்லை. உன் மகன் றிஸ்மியின் போனுக்கு அனுப்பினால் உன் வீடே கூடி நின்று வாசிக்கும். ஆகவே பேனையை எடுத்திருக்கிறேன். நீயும் பேனையால் எழுது. போன தடவை உன் மருமகள் தட்டச்சு செய்து அனுப்பியதை நான் கடிதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுபத்து நாலு வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகே சம்மதித்தேன்.

என் சிவம் கிளாக்கராக இருந்த தோட்டத்தில், ரப்பர் ஷீற்றைப் புகையில் உலர்த்திய பழைய புகைவீடு உனக்கு நினைவிருக்கும். பல வருடம் பூட்டிக் கிடந்த அதைத் துப்புரவாக்கி, சுவருக்கு வெள்ளை அடித்து, நவீன கலைக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். நடத்துபவள் ஹிமாயா. தெஹியோவிட்டப் பெண், கொழும்பில் படித்தவள், முப்பது வயதிருக்கும். நூலகத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மொழியும் தெரிந்த ஒருவர் சனி, ஞாயிறுகளில் வந்து இருந்தால் பெரிய உதவி என்றாள். சிவம் போய் ஆறு வருடம். அந்த இரண்டு நாளும் என் வீட்டில் மணிக்கூட்டுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மூன்று நாள் காக்கவைத்தேன்.

முதல் நாள் பயிற்சி. என்னுடன் இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகள். ‘தொண்டர்’ என்று மூன்று மொழியில் எழுதிய வில்லை ஒன்றைச் சேலையில் குத்தச் சொன்னார்கள். நான் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். விதிகள் மூன்று. யாரையும் எதையும் தொடவிடக்கூடாது. வருபவர்களை எண்ணவேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை: ஒன்றையும் விளக்கக்கூடாது. யாராவது “இது என்ன?” என்று கேட்டால், “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று திருப்பிக் கேட்கவேண்டுமாம். வகுப்பில் நம் சிஸ்டர் பெர்னடெத்திடம் அப்படித் திருப்பிக் கேட்டிருந்தால் நம் கதி என்ன?

என்னுடைய பயங்களையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் போட்ட கதிரைக்குச் சாய முதுகு இல்லை. தூங்கி விழுந்துவிடுவேனோ என்று பயம். யாராவது வேண்டுமென்றே என்னைச் சோதித்துக் கேட்பார்களோ என்று பயம். தோட்டத்து ஆட்கள் வந்தால், கிளாக்கர் அம்மா ஏன் இங்கே காவல் இருக்கிறா என்று பேசுவார்களே என்று, எல்லாவற்றிலும் பெரிய பயம்.

ஒன்று மட்டும் பெருமையாக இருக்கிறது. வரவுப் புத்தகத்தில் நான் போட்ட கையெழுத்தை ஹிமாயா பார்த்துவிட்டாள். அச்சடித்த அட்டைகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு படைப்புக்கும் கீழே உள்ள குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் என்னையே எழுதச் சொன்னாள். இருபத்தாறு அட்டை. ஒரு அடித்தல் இல்லை.

உன்,
ஞானாம்பிகை


இரத்தினபுரி
11.06.2024

என் ஞானம்,

பேனையால்தான் எழுதுகிறேன், கண்ணை விரித்துப் பார். கை கொஞ்சம் ஆடுகிறது. மற்றபடி இது சிஸ்டரின் பிரம்புக்குப் பயந்து வந்த எழுத்தேதான்.

நீ வேலைக்குப் போகிறாய் என்று வாசித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். மருமகள் பயந்து ஓடிவந்தாள். எடி, நீ யாருடைய வீட்டுக்குப் போனாலும் படம் கோணலாக இருந்தால் எழும்பி நேராக்குகிறவள். அங்கே வேண்டுமென்றே கோணலாகத் தொங்கவிடுவார்களாம், றிஸ்மி சொல்கிறான். என்ன செய்யப் போகிறாய்?

அந்தப் புகைவீட்டை எனக்கு நல்லாய் நினைவிருக்கிறது. எழுபத்துநாலில் உன்னிடம் வந்து நான் நாலு நாள் நின்றேனே, அப்போது காட்டினாய். உள்ளே போன என் வெள்ளைச் சால்வை திரும்பி வரும்போது தேத்தண்ணி நிறம். என் வீட்டுக்காரர் கோபித்தார். இப்போது வெள்ளை அடித்திருக்கிறார்கள் என்றால் அந்த மணம் போயிருக்குமா?

வில்லையைக் குத்திக்கொள். எனக்கு அப்படி யாராவது ஒரு வில்லை தந்தால் நான் குளிக்கும்போதும் கழற்றமாட்டேன். இந்த வீட்டில் என்னைக் கதிரையோடு சேர்த்துத்தான் துடைக்கிறார்கள்.

தூங்கி விழுந்தாலும் எழுது.

ஸுலைஹா


யட்டியாந்தோட்டை
09.07.2024

அன்புள்ள ஸுலைஹா,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருந்து வாசி.

முதற் கண்காட்சி முடிந்து, ஆறாம் திகதி புதியது தொடங்கியது. செய்தவன் சுமன் என்ற இளைஞன். நம் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, களனியில் படித்து, சிற்பக்காரனாக வந்திருக்கிறான். மரியாதையான பிள்ளை. என்னை “டீச்சர்” என்கிறான், திருத்தினேன், கேட்கவில்லை.

முன்பு ரப்பர் ஷீற் காயப்போட்ட மூங்கில்களிலேயே இருநூற்றுப் பதினொரு ஷீற் தொங்கவிட்டிருக்கிறான். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் ஒரு பிறந்த திகதியும் சூடு வைத்தது போல் பதிந்திருக்கின்றன. சுவரில் வெளிச்சம், மூங்கிலில் பெயர்கள், தரையில் அவற்றின் நிழல். மணம் போகவில்லை, ஸுலைஹா. வெள்ளைக்கு மேலாலும் வருகிறது.

நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு பழைய பதிவேடு திறந்து கிடக்கிறது. தெஹியோவிட்டவில் ஒரு பழைய கடதாசிக் கடையில், வடை சுற்றுவதற்குக் கிழிக்க இருந்த நேரத்தில் வாங்கினானாம். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், பிறப்புச் சான்று இல்லாத தொழிலாளருக்குத் தோட்டக் கந்தோரில் பிறந்த திகதி எழுதிய பதிவேடு அது.

சுவரில் சுமன் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். “பெயர் தெரியாத ஒரு கிளாக்கர் இருநூற்றுப் பதினொரு பேருக்குப் பிறந்தநாள் இட்டுக்கட்டினார். பதினேழு பேர் மார்ச் பத்தொன்பதில் பிறந்தார்கள். பதினான்கு பேர் ஜூன் பதின்மூன்றில். ஏன் இந்த நாட்கள்? அவருக்கு இது விளையாட்டா?”

அந்தக் குறிப்பை என்னையே அட்டையில் எழுதச் சொன்னார்கள். விரலில் வாதம் என்று சொல்லிவிட்டேன். அச்சடித்து ஒட்டினார்கள்.

ஆனால் முதற் கண்காட்சியின் சில படைப்புகள் முன் அறையிலும் வாசலிலும் இன்னும் இருக்கின்றன, கீழே என்னுடைய பழைய அட்டைகளோடு. அவற்றுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் பதினைந்து அடி தூரம். வருகிறவர்கள் முதலில் என் எழுத்தை வாசித்துவிட்டுத்தான் பதிவேட்டிடம் போகிறார்கள். சனிக்கிழமை நாற்பத்தெட்டுப் பேர், ஞாயிறு எழுபத்தொரு பேர். ஒவ்வொருவர் கண்ணும் எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூங்கி விழுவேனோ என்ற பயம் தீர்ந்துவிட்டது.

ஞானாம்பிகை


இரத்தினபுரி
15.07.2024

ஞானம்,

தனியாகத்தான் வாசித்தேன். குளியலறையில் பூட்டிக்கொண்டு.

மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள். ஜூன் பதின்மூன்று அந்தோனியார். ஜூலை இருபத்தாறு அன்னம்மாள். டிசம்பர் எட்டு மாதா திருநாள். நீ சைவம், நான் முஸ்லிம். ஆனாலும் வகுப்பில் யாரும் விலக்கு இல்லை என்று சிஸ்டர் பெர்னடெத் நம்மையும் நிறுத்திவைத்துப் பாடமாக்கிய பட்டியல். இன்று காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் யோசிக்கவேண்டும். அந்தப் பட்டியல் அப்படியே வருகிறது.

நான் வந்து நின்ற அந்த நாலு நாள், உன் வீட்டு மேசை. சிவம் ஐயா கட்டுக்கட்டாகத் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். பெயர், தாய் தகப்பன் பெயர், உத்தேசமாக ஒரு வருடம். மாதமும் நாளும் ஏதாவது போடு, கந்தோருக்குக் கட்டாயம் வேண்டும், உன் எழுத்துத்தான் நல்லது என்று உன்னிடம் சொல்லிவிட்டு அவர் ஆள் கணக்கெடுக்கப் பிரட்டுக்குப் போனார். நீ கட்டை இரண்டாகப் பிரித்தாய். பாதி உனக்கு, பாதி எனக்கு. “இந்த ஆளுக்கு எந்தப் புனிதரைக் குடுப்பம்?” என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். வயிறு நோகச் சிரித்தோம். இருபத்துநாலு வயது.

அந்தப் பையன் ஒரு கை என்கிறானா? ஒரே பிரம்பால் வந்த இரண்டு கை. நம்மைத் தவிர யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஞானம், நீ ஒன்றும் பேசாதே. உடம்புக்கு வருத்தம் என்று சொல்லி அங்கே போவதை நிறுத்து. றிஸ்மியை இந்த மாதம்தான் பள்ளிவாசல் நிர்வாகத்தில் எடுத்திருக்கிறார்கள். தோட்டத்து ஏழைகளை வைத்து உன் உம்மா விளையாடினாளாம் என்று அவனிடம் யாரும் கேட்கக்கூடாது. ஐம்பது வருடம் ஆகிவிட்டது. ஒரு நாளை மாற்றி எழுதினால் யாருக்கு என்ன நட்டம்?

வாசித்ததும் கிழித்துவிடு.

ஸுலைஹா


யட்டியாந்தோட்டை
29.07.2024

ஸுலைஹா,

யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டிருந்தாய். நேற்று அந்த ஆள் வந்தாள்.

பெயர் அங்கம்மா. அறுபது வயது. போன வருடம்வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். மூங்கில்களுக்குக் கீழே அண்ணாந்து பார்த்து நடந்து, கடைசி வரிசையில் நின்றாள். எழுத வாசிக்கத் தெரியாது போலும், என்னிடம் வந்தாள். “அம்மா, அங்கம்மான்னு ஒண்ணு, முத்துவேலுன்னு ஒண்ணு இருக்கணும். எங்கன்னு பாத்துச் சொல்றீங்களா?” என்றாள். காட்டினேன். பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. அங்கம்மா, 1964 டிசம்பர் எட்டு. முத்துவேல், 1965 மார்ச் பத்தொன்பது.

கணக்குப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. உனக்கும் எடுக்காது. மூன்று மாதம் பதினொரு நாள்.

அவள் தம்பி அவன். ஒரே தாய். இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்த அதிகாரி கடதாசியைப் பார்த்துவிட்டு, மூன்று மாத இடைவெளியில் எந்தத் தாய் இரண்டு பிள்ளை பெறுவாள், இதில் ஒன்று களவாகச் சேர்த்த பிள்ளை என்று சொல்லி, பெண்ணின் பெயரைக் கீறிவிட்டார். பயணத் திகதி வந்துவிட்டது. தகப்பன், தாய், தம்பி மூன்று பேரும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அத்தையிடம் விட்ட இவளைப் பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்கள். தாய் கோத்தகிரியில் செத்துப்போன செய்தி கடிதத்தில் வந்ததாம். பத்து வயதில் கடைசியாகப் பார்த்த முகம்.

இதை அவள் அழாமல் சொன்னாள். விலாசம் சொல்வது போலச் சொன்னாள். பிறகு என்னிடம் கேட்டாள்: “இத எழுதுனது யாரும்மா?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? வில்லையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் குத்தாத நான், விதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டேன்.

“தோணுறதுக்கு என்னா இருக்கு? அப்ப இருந்த கிளாக்கரு யாருன்னு எங்களுக்குத் தெரியாதா? செத்துப் போயிட்டாரு, இனி என்னத்தச் சொல்ல,” என்றாள். நான் அவருடைய மனைவி என்று அவளுக்குத் தெரியும், ஸுலைஹா. தெரிந்துதான் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

இன்னொன்றும் உண்டு. நீ திரும்பிப் போய் நாலைந்து மாதத்துக்குப் பிறகு, ஒரு நாள் சிவம் கந்தோரிலிருந்து நேரத்தோடு வந்தார். சாப்பிடவில்லை. “இனிமேல் கந்தோர் எழுத்தை நானே பாத்துக்கொள்ளுறன்,” என்றார். ஏன் என்று நானும் கேட்கவில்லை. என் எழுத்தைத் தோட்டத்துத் துரை புகழ்ந்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அந்தக் கோபத்தை நான் நாற்பத்துநாலு வருடம் வைத்திருந்தேன். அவர் படுக்கையில் கிடந்தபோதும் ஒரு தடவை குத்திக் காட்டினேன். அங்கம்மாவின் செய்தி அன்று கந்தோருக்கு வந்திருக்கவேண்டும், எனக்குச் சொல்லாமல் அவரே தாங்கியிருக்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது.

பேசாமல் இருந்தால் அவர் பெயரில் போகும். பேசினால் என் பெயரில் வரும், உன் பெயரிலும் வரும். நான் என்ன செய்யவேண்டும் என்று எழுது. இரவில் இரண்டு மணிக்கு மேல் உறக்கம் இல்லை.

ஞானாம்பிகை


இரத்தினபுரி
03.08.2024

ஞானாம்பிகை,

என்ன செய்யவேண்டும் என்று முன்பே எழுதினேன். நீ கேட்பது என் சம்மதம். அது கிடையாது.

உனக்கு வீடு உண்டு, பென்சன் உண்டு, பதில் சொல்ல உனக்கு மேல் யாரும் இல்லை. நான் ஒரு மகன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறேன். என் மரியாதைதான் எனக்குச் சாப்பாடு. நீ அந்தப் பெண்ணிடம் வாயைத் திறந்தால் அவள் பெற்றோர் கப்பலிலிருந்து இறங்கி வரப்போகிறார்களா?

செத்தவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சிவம் ஐயா தாங்கினார் என்றால் தாங்கட்டும். அவர் விருப்பப்பட்டுத்தானே தாங்கினார்.

நீ சொன்னால் இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

ஸுலைஹா


யட்டியாந்தோட்டை
19.08.2024

ஸுலைஹா,

நீ இதைப் பிரிப்பாயோ தெரியாது. என் பக்கத்தை நான் எழுதி முடிக்கவேண்டும்.

பத்தாம் திகதி முழுநாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கம்மா வரவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிடலாமா என்று யோசித்து, கிளாக்கர் அம்மா கூப்பிடுகிறா என்று அவள் ஓடிவரக்கூடாது என்று விட்டேன். பதினேழாம் திகதி, நேற்று முன்தினம், லயத்துக்கு நானே போனேன். ஐம்பது வருடத்தில் முதல் தடவை. கணவர் வேலை பார்த்த இடம். ஆனால் நான் ஒருநாளும் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. ஏறும்போது இரண்டு தடவை நின்று திரும்பிவிடப் பார்த்தேன். ஏற்றம்தான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவள் வாசலில் பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கதிரை எடுக்க எழுந்தாள். வேண்டாம் என்று நின்றுகொண்டே சொன்னேன். எழுதியது கிளாக்கர் ஐயா இல்லை, நான். மாதமும் நாளும் தெரியாத இடத்தில் என் மனதுக்கு வந்ததைப் போட்டேன். தம்பியுடையதோடு ஒத்துப் பார்க்கவில்லை. இவ்வளவுதான். பட்டியலையும் சிரிப்பையும்கூடச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

அவள் மிளகைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள். “தெரியலன்னா தெரியலன்னு எழுதியிருக்கலாமேம்மா. சும்மா வெறுமனே விட்டிருக்கலாமே.”

ஸுலைஹா, நான் ஒருநாளும் அதை நினைத்ததில்லை. நீ நினைத்தாயா? வெற்றிடம் விட்டால் விரல் கணுவில் அடி. விடை தெரியாவிட்டாலும் கோட்டை நிரப்பு என்று பழகியவர்கள் நாம். அந்தப் பதிவேட்டில் இருநூற்றுப் பதினொரு கோட்டில் ஒன்றுகூட வெறுமையாக இல்லை. அதுதான் என் பெருமையாக இருந்தது.

பிறகு அவள் கேட்டதற்கு நான் தயாராகப் போகவில்லை. “எங்கம்மா என்னா சொன்னாங்க? ஏதாவது சொல்லியிருப்பாங்கள்ல?” என்றாள்.

எனக்கு நினைவு வந்தது. சிவத்தின் துண்டுகளில் ஓரத்தில் சில இடங்களில் பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கும். ஒன்றை நீ உரக்க வாசித்தாய். “இலை கொட்டும் காலம்.” “அது என்ன மாசமடி?” என்று கேட்டாய். இரண்டு பேரும் மேசையில் தலை வைத்துச் சிரித்தோம். சிரித்ததால்தான் மறக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த பெயர் அங்கம்மா.

அதைச் சொன்னேன். அவள் கை நின்றது. “அது தை கடைசி. மாசி பொறந்தா மரம் மொட்டையா நிக்கும், பால் வெட்டு இருக்காது,” என்றாள். “எங்கம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க.” ரப்பர்த் தோட்டத்தில் அதைவிடத் திட்டமாக யாரும் சொல்ல முடியாது. நாம் ஒரு விடையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் மாதா திருநாளை எழுதியிருக்கிறோம்.

அவள் மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேத்தண்ணி தரவும் இல்லை. தந்திருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது.

நேற்று ஹிமாயாவிடமும் சுமனிடமும் சொன்னேன். சுமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னை வீடியோ எடுக்கலாமா என்று கேட்டான், முடியாது என்றேன். இனி வராமல் இருக்க விருப்பமா என்று ஹிமாயா மெல்லக் கேட்டாள். அதற்கும் முடியாது என்றேன். ஒரு வெள்ளை அட்டை மட்டும் கேட்டு வாங்கினேன். அதில் எழுதியது:

“இந்தத் திகதிகளை இட்டவர் கிளாக்கர் சிவம் அல்ல. அவர் மனைவி ஞானாம்பிகை. யாரையும் கேட்காமல் இட்டேன். சனி, ஞாயிறுகளில் இந்தக் கதிரையில் இருப்பேன். என்னிடம் கேட்கலாம்.”

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இப்போது யாரும் பதினைந்து அடி நடக்கத் தேவையில்லை. வரும் சனிக்கிழமை லயத்திலிருந்து ஆட்கள் இந்தத் திகதிகள் ஏறிய தங்கள் அடையாள அட்டைகளோடு வருவார்கள் என்று சுமன் சொல்கிறான். எத்தனை பேர், என்ன கேட்பார்கள், அவர்களில் அங்கம்மா இருப்பாளா, ஒன்றும் தெரியாது. இந்தக் கடிதத்தில் மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறேன், பார்த்திருப்பாய். 

அந்த அட்டையில் ஒரு பொய் இருக்கிறது. பாதியை நான் இடவில்லை. அது உனக்காக.

ஞானாம்பிகை


இரத்தினபுரி
22.08.2024

ஞானம்,

இந்தக் கடிதத்தை றிஸ்மியின் கடைப் பையன் கையில் கொடுத்துவிடுகிறேன். தபால் சனிக்கிழமைக்கு முன் வராது.

உன் கடிதத்தை ஒரு இரவு தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். நேற்று அதை றிஸ்மியிடம் நீட்டினேன். நின்றபடி வாசித்தான். எனக்குக் கேட்காது என்பதால் கடைசிப் பக்கத்தின் பின்னால் பென்சிலால் எழுதினான். ஒரே வரி: “சனிக்கிழமை எத்தனை மணிக்கு உம்மா?”

டிசம்பர் எட்டு என் கை. இலை கொட்டும் காலம் என்று வாசித்துச் சிரித்ததும் என் வாய். அந்தப் பெண் வந்தால் அவள் சொல்வது எனக்குக் கேட்காது. முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். வராவிட்டால் நாமே லயத்துக்குப் போவோம், ஏற்றத்துக்கு நீ என் கையைப் பிடி.

அந்த அட்டையில் என் பெயரை நீ சேர்த்து எழுதிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும், இதை வாசித்த உடனே பேனையை எடுப்பாய். உன் பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக விட்டுவை. அதை நான் வந்து எழுதுகிறேன்.

ஸுலைஹா